காஜா பெராங் திடலில் மூன்றாவது மேட்ச்

பெற்ற தாயை அவள் மகனிடம் போகவிடாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறீர்களா? போன மாதம் ஒரு சனிக்கிழமை, காஜா பெராங் திடலில், நான் அதைச் செய்தேன்.

முதலில் அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த சூட்டோடு, நான் தமிழ் போதிக்கும் சின்ன ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு ஹென்லி என்ற அமெரிக்கர் விரிவுரையாளராக வந்தார். பெட்டியில் புத்தகங்களோடு முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அமெரிக்கன் ஃபுட்பால்! பெயர்தான் ஃபுட்பால். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிரே வருபவன் மோதித் தள்ள வேண்டும்.

பையன்களுக்குப் பிடித்துப்போனது. இலவம்பஞ்சைத் துணியில் வைத்துத் தைத்துத் தோளில் கட்டிக்கொண்டார்கள். தலைக்கவசத்துக்கு எங்கே போவது? மோத வேறு டீமும் கிடைக்கவில்லை. கல்லூரியே இரண்டாகப் பிரிந்து, வருஷத்துக்கு ஒரு மேட்ச். எங்கள் எதிரி நாங்களேதான்!

இது மூன்றாவது மேட்ச். என் மாணவன் செல்வத்தின் அம்மா அஞ்சலை தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். ரப்பர் மரம் சீவி, தனியாளாய் மகனைப் படிக்க வைத்தவர். நான் கோட்டோரம் கொடி பிடித்து நின்றேன். பக்கத்தில் வந்து நின்றார்.

“பந்து எங்க சார், காணோம்?”

“உங்க மகன் கையிலதாம்மா இருக்கு.”

சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியவில்லை... எதிர்ப்பக்கமிருந்து வந்த காதர் மோதினான். செல்வத்தின் அறைத்தோழன், ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன். செல்வம் தலைகுப்புற விழுந்தான். எழவில்லை.

“சார்... கால் இருக்கிறதே தெரியல சார்!”

பையன்கள் தூக்க ஓடினார்கள். ஹென்லி பாய்ந்து மண்டியிட்டு, அவன் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டார். “யாரும் தூக்கக் கூடாது! கழுத்து!” என்று ஆங்கிலத்தில் கத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். “அம்மாவை நிறுத்துங்கள்.”

அஞ்சலை அதற்குள் பாதித் திடல் வந்துவிட்டார். குறுக்கே போய் இரண்டு கையையும் பிடித்தேன்.

“அம்மா, தொடாதீங்க! தலை கொஞ்சம் அசைஞ்சாலும் ஆபத்து.”

“விடுங்க சார்! எம்புள்ள கூப்பிடுறான்!”

உண்மைதான். அவன் “அம்மா, அம்மா” என்று அழைத்துக்கொண்டே இருந்தான். அவர் என் நெஞ்சில் குத்தினார், சபித்தார். “நீயெல்லாம் புள்ள பெத்தவனா?” நான் விடவில்லை. விட்டுவிடலாமா என்று ஒவ்வொரு நிமிஷமும் தோன்றியது. இவன் பிழைக்காவிட்டால்? கடைசியாகத் தொடக்கூட விடாதவன் நான் என்றல்லவா ஆகும்?

உடை மாற்றும் கொட்டகையின் கதவைக் கழற்றி வந்தார்கள். தலையும் உடம்பும் ஒன்றாய் அசைய, அவனை மெல்ல அதில் ஏற்றினார்கள். கதவோடு அவனை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி ஆஸ்பத்திரிக்கு நடை வேகத்தில் போனது. ஒவ்வொரு குழிக்கும் எல்லோரும் மூச்சைப் பிடித்தோம்.

காதர் வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இருட்டும் நேரத்தில் டாக்டர் வந்தார். கழுத்தெலும்பில் விரிசல், கால் விரல் அசைகிறது, தூக்கியிருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார்.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த அஞ்சலை, நேராகக் காதர் முன்னால் நின்றார்.

“நீதான் தள்ளுனியா?”

“ஆமாம்மா.”



“உன்னையத்தான் கேக்குறான். உள்ள போ.”

அவன் அப்போதுதான் அழுதான்.

விளையாட்டைக் கல்லூரி நிறுத்திவிட்டது. ஹென்லியும் ஒப்புக்கொண்டார். எங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் சரித்திரம் மூன்றே மேட்ச்தான். செல்வம் கழுத்தில் மாவுக்கட்டோடு வார்டில் நடக்கிறான்.

ஆபத்தென்றால் ஓடிப்போய் எதையாவது செய்துவிடத் துடிக்கிறோம். எதுவும் செய்யாமல் நிற்பதற்குத்தான் எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது!

போன ஞாயிறு ஆஸ்பத்திரியில் அஞ்சலையைப் பார்த்தேன். ஹென்லியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காதருக்குத் தன் கையாலேயே இட்லி ஊட்டினார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“நீங்க செஞ்சது சரிதான் சார். ஆனா உங்க மூஞ்சியப் பாக்க எனக்கு இன்னும் மனசு வரல.”

நியாயம்தானே?