ஐந்தடுக்குக் கொழுக்கட்டை

என் ஓரகத்தி பினாங்கிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை. அன்றைய நாட்குறிப்பில் 'கொழுந்தனார் குடும்பம் வந்தது. பெட்டி ஏழு. கடும் வெயில்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அவளைப் பற்றித் தனியாக ஒரு சொல் இல்லை. மூன்று மாதம் கழித்து, அவளைத் தவிர வேறெதுவுமே இல்லாத பக்கங்கள் வருகின்றன.

நான் அந்த வீட்டின் மூத்த மருமகள். என் சமையலில் சொல்லிக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் உண்டு. ரசம் ஒரு நாள் வைத்தது போல் மறுநாள் வராது. சாம்பார் சுமார். ஆனால் கொழுக்கட்டை மடிப்பதில் எங்கள் வீதியில் எனக்கு இணை கிடையாது. உள்ளே இருக்கும் பூரணத்தின் நிறம் வெளியே தெரியும் அளவுக்கு மேல்மாவு மெல்லியதாக இருக்கும். ஒவ்வொன்றிலும் பதினோரு மடிப்பு. கல்யாணமான வருஷத்திலிருந்து ஒன்பது பிள்ளையார் சதுர்த்திக்கு நான்தான் செய்தேன். எத்தனை செய்தேன், எத்தனை விரிந்தன என்பதெல்லாம் வருஷவாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். மற்ற நாளெல்லாம் என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் மாமியார், அந்த ஒரு நாள் மட்டும் அடுப்பங்கரைக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். நிலைப்படியில் நின்று, "ஆச்சா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் வருஷம் முழுவதும் அந்த வீட்டில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஆடியில் மணப்பாறைக்குத் தாய்வீடு போய்ப் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். பையைக் கீழே வைப்பதற்குள் என் கணவர் சொன்னார்.

"சின்னவ ஒண்ணு பண்ணினா பாரு."

"என்ன பண்ணினா?"

"கொழுக்கட்டை மாதிரிதான். ஆனா கொழுக்கட்டை இல்ல. அடுக்கடுக்கா இருந்துச்சு, கத்தியால வெட்டிக் குடுத்தா. மேல என்னமோ ஊத்தினா, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"எத்தனை சாப்பிட்டீங்க?"

"எண்ணல."

என் கொழுக்கட்டையை அவர் எண்ணித்தான் சாப்பிடுவார். ஆறு.

அவளிடமே கேட்டேன். பினாங்கில் பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் மாவுக்குள் காய்கறி வைத்துச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து ஆவியில் வேகவைப்பாளாம். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப் பார்த்தாளாம்.

"ஒண்ணொண்ணா மடிப்பாங்க அக்கா, உங்கள மாதிரியே. எனக்கு அந்தக் கை வரல. மாவு ஒரு தட்டு, காய் ஒரு தட்டுன்னு அடுக்கி வேகவச்சுட்டேன். உள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே?"

உள்ளே போனால் எல்லாம் ஒன்றுதான். பதினோரு மடிப்பை அவள் அவ்வளவு சுலபமாகக் கடந்துவிட்டாள். அவள் ஏளனமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வெள்ளையாகச் சொன்னாள்.

நான் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள். என் கணவர் திருச்சி நூலகத்திலிருந்து வாரம் இரண்டு புத்தகம் கொண்டுவருவார். பொறாமையால் கெட்டழிந்த ராஜாக்களையும் ராணிகளையும் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் சண்டை போட ஒரு நாடாவது இருந்தது. எனக்கு இருந்தது ஓர் இட்லிப் பானை.

சதுர்த்திக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமியார் கூப்பிட்டார்.

"பெரியவளே, இந்தத் தடவை உன் கொழுக்கட்டையோட சின்னவளோட அடுக்கும் இருக்கட்டும்."

"சாமிக்கா அத்தை?"

"சாமிக்குத்தான். வெங்காயம் சேக்காம பண்ணச் சொல்லியிருக்கேன். நல்லா வந்துச்சுன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து இனிப்பு உனக்கு, உப்பு அவளுக்கு. உனக்கும் கைவலி மிச்சம்."

கை வலிக்கிறது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

சதுர்த்தி அன்று காலை என் கணவர் மலைக்கோட்டைக்குக் கிளம்பிப் போனார். நாங்கள் இருவரும் குளித்துவிட்டு அடுப்பங்கரையில் நுழைந்தோம். இனிப்புக் கொழுக்கட்டைகளை முதலில் முடித்துவிட்டு, உப்புக் கொழுக்கட்டைக்கு ஆட்டுக்கல்லில் உளுந்தை அரைக்கத் தொடங்கினேன். கை கல்லைச் சுற்றியது. கண் அவள் பக்கமே இருந்தது.

முந்தின நாள் காந்தி மார்க்கெட்டில் வாங்கிய முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸை அவள் பொடியாக அரிந்தாள். நிறைய இஞ்சி. நல்லெண்ணெயில் வதக்கி மிளகுப்பொடி தூவி இறக்கினாள். கொதிக்கும் தண்ணீரில் அரிசி மாவைக் கொட்டிக் கிளறினாள். டிபன் கேரியரின் பெரிய அடுக்கில் எண்ணெய் தடவி, வாழையிலையில் வட்டமாகத் தட்டிய மாவை அடியில் போட்டாள். அதன்மேல் காய், அதன்மேல் மாவு. மாவு ஐந்து தட்டு, நடுவில் காய் நான்கு தட்டு. அப்படியே தூக்கி இட்லிப் பானைக்குள் வைத்து மூடினாள். முழுசாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆனால் உப்புப் போடவில்லை.

காயில் போடவில்லை, மாவில் போடவில்லை. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நைவேத்தியம் ஆகும்வரை ஒரு துளிகூட நாக்கில் படக் கூடாது. அவளும் அதை மீற மாட்டாள். ஆகவே அவளுக்குத் தெரிய வழியில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். அவள் உப்பு ஜாடியை என் பக்கமாகத் தள்ளி வைத்தாள். வேலை முடிந்தது என்று ஒதுக்குகிறாள் போலும் என்று எண்ணிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் அவ்வளவு குளிர்ச்சி. அரைத்த உளுந்தை வேகவைத்து உதிர்த்துத் தாளித்து, அன்றைக்கு என்றுமில்லாத அழகில் மடித்தேன். நாற்பத்திரண்டு. ஒன்றுகூட விரியவில்லை.

பூஜை முடிந்து இலை போட்டோம். மலைக்கோட்டையிலிருந்து திரும்பியிருந்த என் கணவரும் மாமியாரும் கொழுந்தனாரும் உட்கார்ந்தார்கள். அவள் அடுக்கைத் தாம்பாளத்தில் கவிழ்த்து வெட்டினாள். வெள்ளையும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக இருந்தது. அழகு என்றுதான் சொல்ல வேண்டும். மாமியார் முதல் வாய் வைப்பதற்காக நான் காத்திருந்தேன்.

அவள் உள்ளே போய், தன் பெட்டியிலிருந்து பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு துண்டின்மேலும் கறுப்பாக ஏதோ ஊற்றினாள்.

"என்ன அது?" என்றேன்.

"கிச்சாப் அக்கா. சோயாக் கொட்டையில பண்றது. அன்னிக்கு நீங்க ஊர்ல இல்லியே. முழுக்க உப்பு. அதான் அடுக்குல ஒரு கல்லு உப்புகூடப் போட மாட்டேன்."

மாமியார் சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டார்.

பிறகு என் கொழுக்கட்டையை எடுத்துக் கடித்தார். மென்றுகொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பெரியவளே, பூரணத்துல உப்பு எங்க?"

அந்தக் கணத்தில்தான் எனக்கும் தெரிந்தது. அவளுடைய உப்பைக் காவல் காத்ததில் என் உளுந்துக்கு உப்புப் போட மறந்திருக்கிறேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. என் கணவர் இரண்டோடு நிறுத்திவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கென்ன, ரெண்டு சொட்டு விட்டா சரியாப் போயிடும்," என்று அவள் என் கொழுக்கட்டைகளின் மேலும் அந்தப் பாட்டிலைக் கவிழ்த்தாள். சரியாகத்தான் போயிற்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் கணவர் மூன்றாவதை எடுத்தார், நான்காவதை எடுத்தார். பதினோரு மடிப்பிலும் கறுப்புச் சாறு இறங்கிக்கொண்டிருந்தது.

பாத்திரம் கழுவும்போது அவள் கேட்டாள்.

"உப்பு ஜாடியையே பாத்துட்டு இருந்தீங்களேக்கா. வேணுமோன்னுதான் உங்க பக்கம் தள்ளி வச்சேன். எடுத்துக்கலியா?"

"நீதான் உப்புப் போட மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"அப்ப சொல்லியிருக்கலாமே?"

நான் இட்லிப் பானையைத் தேய்த்தேன். அவள் சற்று நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். உரக்கச் சிரிக்கவில்லை.

"புளியக் கொஞ்சம் இந்தப் பக்கம் தாங்க," என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி நானும் ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அன்றைய நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான்: 'உப்புக் கொழுக்கட்டை நாற்பத்திரண்டு. விரிந்தது ஒன்றுமில்லை.' அதில் பொய் எதுவும் இல்லை.

மாமியார் சொன்னபடியே மறுவருஷம் இனிப்பு எனக்கு, உப்பு அவளுக்கு. நான் ஒவ்வொன்றிலும் பதின்மூன்று மடிப்பு வைத்தேன். யாரும் எண்ணவில்லை. பத்து மணி வாக்கில் மாமியார் வழக்கம்போல் நிலைப்படியில் வந்து நின்றார்.

"ஆச்சா?"

என் கையில் இன்னும் மடிக்காத மாவு ஏழு உருண்டை இருந்தது. அவள் இட்லிப் பானையை இறக்கிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆச்சு அத்தை," என்றாள்.