பின்வளவில் எரிந்த கரி

என் கணவரின் தங்கை ஜெர்மனியிலிருந்து வந்த நாளன்று வெளியே மைனஸ் பதினெட்டு. அண்ணனும் தங்கையும் நேரில் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. போனில் கதைக்கும்போதெல்லாம் அவர், "நீ ஒருக்கா வந்து நான் புகை போட்டுச் செய்யிற பண்டி இறைச்சியைத் திண்டு பார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் வந்ததோ ஜனவரி மாதத்தில். சொன்ன சொல்லை மாற்ற அவருக்கு மனமில்லை.

விடியும் முன்பே எழுந்து, கனடாவில் பிக்கரிங்கில் உள்ள எங்கள் வீட்டுப் பின்வளவில் ஸ்மோக்கரை மூட்டிவிட்டார். அது இடுப்பளவு உயரமான கறுத்த இரும்புப் பீப்பா. அடியில் கரி, மேலே தட்டில் பன்றி இறைச்சி, மூடியில் ஒரு பாரன்ஹைட் வெப்பமானி. நான் அதை ஒருநாளும் தொட்டதில்லை. விமான நிலையத்துக்குப் புறப்படும்போது என்னைப் பின்கதவடிக்குக் கூப்பிட்டார்.

"இஞ்சை பாரும். இந்த முள் இருநூற்றி ஐம்பதிலை நிக்கோணும். மூடியை மட்டும் திறக்காதையும். திறந்தால் சூடெல்லாம் போயிடும்."

"குறைஞ்சால்?"

"குறையாது. குறைஞ்சால் எனக்குப் போன் அடியும்."

அவர் போன கொஞ்ச நேரத்தில் காற்று தொடங்கியது. ஏரிப் பக்கமிருந்து வந்த காற்று, பனியை வாரி வேலியில் அடித்தது. குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். முள் இருநூற்றுப் பத்துக்கு வந்திருந்தது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுவதற்குள் இருநூறு. பாதி வெந்த இறைச்சி இளஞ்சூட்டிலேயே நெடுநேரம் கிடந்தால் பழுதாகிவிடும். விருந்துக்கு வந்தவளை முதல் நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வருமோ என்று பயந்தேன்.

அவருக்கு அடித்தேன். பிளேன் இறங்கிவிட்டது, தங்கைக்காகக் காத்து நிற்கிறேன் என்றார்.

"அடியிலை காத்துப் போற ஓட்டை இருக்கெல்லே, அதைக் கொஞ்சம் திறவும். சாம்பல் அடைச்சிருந்தால் கம்பியாலை தட்டிவிடும்."

தட்டினேன். முள் ஏறியது. நிம்மதியாக உள்ளே வந்து தேத்தண்ணி ஊற்றி, ஒரு வாய் குடிப்பதற்குள் மறுபடி இறங்கியது. குளிருக்குக் கரி மளமளவென்று எரிந்து முடிந்துகொண்டிருந்தது. புதுக் கரியை வெளியே வைத்துப் பற்றவைக்கப் பார்த்தேன். கையுறையோடு லைட்டரை அமத்த முடியவில்லை. கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போனது.

மேலே படித்துக்கொண்டிருந்த மகள் இறங்கி வந்தாள். யூனிவர்சிட்டியில் படிக்கிறவள்.

"அம்மா, வட் ஆர் யூ டூயிங்? ஜஸ்ட் ஓவனுக்குள்ள வையுங்கோ."

"அப்பா வந்து என்ன சொல்லுவார்? காத்து அடிக்காத இடத்திலை வைச்சால் காணும். கராஜுக்கை தள்ளுவமே?"

"நோ வே! கரிப் புகை வீட்டுக்குள்ள வந்தா ஆக்கள் செத்துப்போவினம், அம்மா."

அவள் சொன்னது சரிதான். எனக்கும் தெரிந்த விஷயம். அந்த அவதியில் மறந்துவிட்டேன். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, குப்பை போடும் நீலத் தொட்டியையும் பச்சைத் தொட்டியையும் இழுத்து வந்தாள். ஸ்மோக்கரிலிருந்து கொஞ்சம் தள்ளிக் காற்றுக்குக் குறுக்கே அவற்றை நிறுத்தி, சரியாமல் இருக்க அடியில் பனியை வெட்டிப் போட்டோம். அந்த மறைவில் கரி பற்றிக்கொண்டது. முள் இருநூற்றி முப்பதுக்கு ஏறியபோது இருவரும் சத்தம் போட்டுச் சிரித்தோம்.

அப்போதுதான் போன் அடித்தது.

"401 ஹைவேயிலை நிக்கிறம். முன்னுக்கு ஒண்டும் தெரியேல்லை, வெள்ளையாக் கிடக்கு. என்னவோ இடிபட்டிருக்குப் போலை. இஞ்சரும், என்ரை போனிலை சார்ஜ் முடியு..."

அத்தோடு தொடர்பு அறுந்தது. திருப்பி அடித்தேன். போகவில்லை. தங்கையின் ஜெர்மன் நம்பரும் வேலை செய்யவில்லை.

"காரிலை சார்ஜர் வயர் இருக்குமே?" என்று மகளிடம் கேட்டேன்.

அவள் முகம் மாறியது. "நேற்று நான்தான் எடுத்தனான். என்ரை ரூமிலை கிடக்கு."

அவள் தன் போனில் செய்தியைப் பார்த்தாள். நெடுஞ்சாலையில் பனிக்காற்றுக்குள் பல வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று மோதியிருப்பதாகப் போட்டிருந்தார்கள். படமும் இருந்தது. பனிக்குள் கவிழ்ந்த ஒரு லொறி, அதன் பின்னால் நசுங்கிய கார்கள், அவற்றில் ஒன்று சாம்பல் நிறம். எங்களுடையதும் சாம்பல் நிறக் கார்தான். படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள். ஒன்றும் தெளிவாகவில்லை.

நான் வெளியே போனேன். கரியைக் கிளறினேன், முள்ளைப் பார்த்தேன், பனியைத் தட்டினேன், மறுபடி முள்ளைப் பார்த்தேன். உள்ளே வந்தால் போனைப் பார்க்க வேண்டியிருந்தது. மகள் கதவடியில் நின்று, "அம்மா, உள்ளுக்கு வாங்கோ, ப்ளீஸ்" என்று அழுதாள். வாறன், வாறன் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். கன்னத்தில் உணர்ச்சியே இல்லை.

கடைசியில் கரி முடிந்தது. பையை உதறியபோது தூள்தான் கொட்டியது. கடைக்குப் போகக் காரும் இல்லை. முள் நூற்றெண்பதுக்குக் கீழே வந்ததும் மூடியைத் திறந்து, இறைச்சியை ஈயத்தாளில் சுற்றி ஓவனுக்குள் வைத்தேன். அதற்குமேல் எனக்குச் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. மகளும் நானும் மேசையில் எதிரெதிரே இருந்தோம். அவள் பொலிஸுக்கு அடித்துப் பார்த்தாள். காத்திருக்கச் சொல்லும் குரல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. நான் செபமாலையைக் கையில் எடுத்தேன். எந்த மணியில் நிற்கிறேன் என்பதுகூட எனக்கு நினைவில்லை.

ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கிய பிறகு, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. மகள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான்தான். கோப்பிக் கடையிலை ஒரு பெடியனிட்டை போன் வாங்கிக் கதைக்கிறன். ஹைவேயாலை இறக்கி விட்டிட்டாங்கள். உள்றோட்டாலை மெதுவா வாறம். ஸ்மோக்கர் எப்பிடி?"

நான் என்ன சொன்னேன் என்று மகள் இப்போதும் எல்லோருக்கும் சொல்லிக் காட்டுகிறாள். அதை இங்கே எழுத முடியாது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது தங்கையின் மெல்லிய துணிச் சப்பாத்து நனைந்து ஊறியிருந்தது. அவளுடைய காலை மடியில் வைத்துத் துடைத்தேன். அவர் கோட்டையும் கழற்றாமல் நேரே பின்கதவைத் திறந்து பார்த்தார்.

"அணைஞ்சு போச்சே?"

"கரி முடிஞ்சுது. ஓவனுக்கை இருக்கு."

"ஓவனுக்கையோ?"

"அண்ணை, வாயைப் பொத்து" என்றாள் தங்கை. ஓவனைத் திறந்து, ஈயத்தாளைப் பிரித்து, ஒரு துண்டைக் கையால் பிய்த்து வாயில் போட்டாள். எலும்பு தானாகக் கழன்றது. "நல்லாப் புகை பிடிச்சிருக்கு, அண்ணி" என்று சொல்லி இன்னொரு துண்டைப் பிய்த்தாள். அண்ணன் வாசலில் நின்றபடி கையை நீட்டினார். அவருக்கும் ஒன்று கொடுத்தாள்.

அடுத்த நாள் காலையில் வாசலில் பனி தள்ளப் போனேன். காரின் பின்பக்கம் உள்ளே வாங்கியிருந்தது. ஒரு விளக்கு உடைந்து தொங்கியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பின்னாலை வந்தவன் இடிச்சவன். பெரிசா ஒண்டுமில்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் பயப்பிடுவீர்."

நான் பனி தள்ளும் சவளை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். மகளின் அறையில் கிடந்த சார்ஜர் வயரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். காரின் கதவு உறைந்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து, வயரைச் சரியான இடத்தில் செருகிவிட்டு, கொஞ்ச நேரம் முன் சீட்டிலேயே இருந்தேன்.