அம்மா கும்பிட்ட மாளிகை

இன்று பஸ்ஸில் முதலில் என் கண்ணில் பட்டது அம்மாவின் வெறுங்கால்கள்தான். பியாஸ்ஸா மரீனா சதுக்கம் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, கூரான வளைவு ஜன்னல்கள் உள்ள அந்தப் பழைய மாளிகையைப் பார்த்துச் சிலுவை போட்டார். அதைக் கோயில் என்று நினைத்துவிட்டார்.

இன்று குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் அம்மாவின் பெர்மெஸ்ஸோவை, அதாவது வதிவிட அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் இந்த நாட்டில் இருக்க முடியாது.

முன் சீட்டில் இருந்த சிசிலிக்காரப் பெண்மணி, ஒரு சிஞ்ஞோரா, திரும்பிச் சிரித்து என்னிடம் இத்தாலியனில் சொன்னார்.

"அது கோயில் இல்லை, பிள்ளை. அந்தக் காலத்திலை ஆக்களை விசாரிச்சு அடைச்சு வைச்ச இடம். அம்மாட்டைச் சொல்லு."

"என்னவாம்?" என்றார் அம்மா.

பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாலும் எங்கள் வீட்டில் இத்தாலியன் தெரிந்தவள் நான்தான். ஆனால் வெளி ஆட்களிடம் எனக்கு வாய் வராது. சிஞ்ஞோராவிடம், "பெர்மெஸ்ஸோவுக்குப் போறம்" என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய சிரிப்பு நின்றது. மாளிகையைத் திரும்பிப் பார்த்து, அவரும் மெதுவாகச் சிலுவை போட்டார்.

"பாத்தியே, இஞ்சத்தை ஆக்களும் கும்பிடுகினம். புதுமை செய்யிற கோயில்தான்" என்றார் அம்மா.

திட்டுவதென்றால் திட்டுங்கள். நான் "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு, இறங்குவதற்கு மணியை அழுத்தினேன்.