ஞாயிற்றுக்கிழமையின் ஒற்றை வரி

ஈயப் பற்று வைக்கிற சூடான சால்டரிங் அயர்ன் குங்கிலியத்தில் படும்போது ஒரு புகை எழும். லேசாக இனிக்கிற மாதிரி, தொண்டையில் கரகரக்கிற மாதிரி ஒரு வாசனை... எழுபதுகளின் தொடக்கத்தில் என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கெல்லாம் அந்த வாசனைதான்.

காரைக்குடியில் என் அண்ணன் ராசு ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவான். புதுவயல் ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த சுப்பையா அத்தான் பஸ் பிடித்து வந்துவிடுவார். அத்தை மகன். அவருக்கு என்னைக் கட்டிக் கொடுப்பதாக வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். நான் பள்ளத்தூரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். டீ கொண்டுபோகிற சாக்கில் நானும் அங்கே உட்கார்ந்துவிடுவேன்.

அவர்கள் இருவருக்கும் வேதாந்தப் பைத்தியம். கோயில் சொற்பொழிவில் கேட்டதோ, தினசரி காலண்டரின் அடியில் இருந்ததோ, ஏதாவது ஒரு வரியை அண்ணன் சிலேட்டில் எழுதி வைப்பான். அதற்கு என்ன அர்த்தம் என்று பேச வேண்டும். ஒரே ஒரு சட்டம்... புத்தகத்தில் படித்ததைச் சொல்லக் கூடாது. அந்த வாரம் தன் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் சிலேட்டில் ஒரே ஒரு சொல் இருந்தது. "இரண்டில்லை."

அண்ணன் ஆரம்பித்தான். "பாட்டு, நியூஸு, நாடகம்னு ரேடியோவுல கொரலு மாறி மாறி வருது. உள்ள ஓடுற கரண்டு ஒண்ணுதானே?"

"மில்லுல நாங்க அரிசி, தவிடு, உமின்னு பிரிக்கிறோம்" என்றார் அத்தான். "நெல்லுக்குத் தெரியுமா அந்தப் பிரிவினை? நம்மதான் பிரிச்சு வச்சுப் பேரும் வைக்கிறோம்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "எங் கிளாஸுல ரெண்டு புள்ளைக ஒரு பென்சிலுக்கு அடிச்சுக்கிட்டு நிக்கிதுக. ரெண்டில்லைன்னு நான் சொன்னா, பென்சில் யாரு கைக்குப் போகும் அத்தான்?"

அத்தான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த வாரம் எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது.

அப்படியே போயிருக்கலாம்...

அந்த ஐப்பசியில் அத்தானின் தம்பி டைபாய்டில் போய்விட்டான். காலேஜில் படித்துக்கொண்டிருந்த பையன். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆத்மாவுக்கு ஏது சாவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தான் ஞாயிறுகளில் வந்து உட்காருவார், சிலேட்டைப் பார்ப்பார், டீ ஆறிப்போகும்.

கல்யாணத்துக்கு நாள் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தபோது கடையில் வைத்து அத்தான் சொன்னார். "ராசு, நான் காசிக்குப் போறேன். எல்லாம் ஒண்ணுன்னா எனக்குன்னு ஒரு வீடு, ஒரு கல்யாணம் எதுக்கு?"

அண்ணன் கையிலிருந்த சால்டரிங் அயர்னைப் பட்டென்று மேஜையில் வைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் கேட்டேன்.

"எல்லாம் ஒண்ணுன்னா காசியும் காரைக்குடியும் ஒண்ணுதானே அத்தான்? பெறகு எதுக்கு அம்புட்டுத் தூரம் ரயிலேறிப் போறீக?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆனால் அந்த வாரமே போய்விட்டார்.

அம்மா வேறு மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஞாயிறுகளில் கடைக்குப் போவதை மட்டும் நான் விடவில்லை. அண்ணன் சிலேட்டில் எதுவும் எழுதுவதில்லை. பழுது பார்த்த ரேடியோவைச் சத்தமாக வைத்துவிடுவான். பேச வேண்டியதில்லை பாருங்கள்...

மறு வருஷம் வெயில் காலத்தில், ஒரு ஞாயிறு சாயங்காலம், பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே ஒரு ஜோடி செருப்புக் கால் தெரிந்தது. குனிந்து உள்ளே வந்தார். இளைத்துக் கறுத்திருந்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

"என்ன, எல்லாம் ஒண்ணாயிருச்சா?" என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அங்க நான் என்ன சொன்னாலும் எல்லாரும் தலையாட்டுனாக. ஒருத்தரும் மறுத்துப் பேசல. தம்பிய நெனச்சு ஒருநா அழுதேன், அதுக்கும் தலையாட்டுனாக. படித்துறையில உக்காந்து ஒனக்குத்தான் பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒன் கேள்விக்கு இன்னும் பதில் கெடைக்கல."

அண்ணன் ரேடியோவை நிறுத்தினான். நான் டீ வாங்கிவர எழுந்து போய்விட்டேன். அங்கே நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

ஆவணியில் கல்யாணம்.

அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் காலை இப்படித்தான் விடியும். காலண்டர் தாளைக் கிழித்து, அடியில் உள்ள வரியைக் கூடத்திலிருந்து சத்தமாக வாசிப்பார். அடுப்படியிலிருந்து நான் மறுத்துச் சொல்வேன். தோசை கருகும். பிள்ளைகள் ஸ்கூலுக்கு நேரமாச்சு என்று கத்துவார்கள். மில்லுக்குக் கிளம்பியவர் வாசல் வரை போய்விட்டு, இன்னொரு பாயிண்ட் தோன்றி, செருப்போடு திரும்பி வந்ததும் உண்டு. நான் திட்டியதும் உண்டு.

அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அண்ணனும் இல்லை.

இப்போதும் காலையில் வரி வருகிறது... போனில். ரோஜாப்பூவோடு, உதிக்கிற சூரியனோடு. அன்றைக்கு ஒரு வாரம் காத்திருந்து ஒரு வரி. இன்றைக்குப் பல் தேய்ப்பதற்குள் எத்தனையோ. போன வாரம் குடும்ப குரூப்பில் அண்ணன் பேரன் ஒன்று அனுப்பியிருந்தான். அலையும் கடலும் வேறல்ல என்று.

"இதுக்கு என்னப்பா அர்த்தம்? நீ பாத்தத வச்சுச் சொல்லு" என்று கேட்டேன்.

கும்பிடுகிற கை ஒன்று வந்தது. அதைப் பார்த்து இன்னும் சிலர் கும்பிட்டார்கள்.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று என் பக்கத்து வாதத்தைச் சத்தமாகச் சொன்னேன். "அலைதானே வந்து சேலைய நனைக்கிது. கடல் அங்குட்டே கெடக்கே?" அத்தான் பக்கத்தையும் நானே சொல்லிப் பார்த்தேன்.

வரவில்லை.

இத்தனை வருஷம் கூடவே இருந்து கேட்டவள்தான் நான். ஆனால் அடுத்து அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது ஒருநாள்கூட எனக்கு முன்னாலேயே தெரிந்ததில்லை. அதற்காகத்தானே கேட்டுக்கொண்டே இருந்தேன்...