டேனியல் போட்ட கூட்டல் கழித்தல்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை கிரேஸ் போன் செய்தாள். "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா" என்றாள். எனக்குத் துக்கம் வருவதற்கு முன் கோபம்தான் வந்தது. "யாரு சொன்னது? டாக்டரக் கூப்புடு, நான் பேசறேன்" என்று கத்தினேன். பேசி என்ன கிழித்திருப்பேனோ, தெரியாது. இதய அடைப்புக்கு வேலூரில் ஆபரேஷன் நடந்த மறுநாள், நாற்பத்தைந்து வயதுகூட நிறையாத என் நண்பன் டேனியல், மனைவி கிரேஸைத் தனியே விட்டுவிட்டு இறந்துபோனான்.

ஆரணியில் பட்டு வியாபாரம் செய்கிறவர்களுக்கு அவனைத் தெரியாமல் இருக்காது. சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் சென்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவனுக்கு. மயில், அன்னம், மாங்காய், எதைக் கேட்டாலும் போடுவான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இருவரும் எலும்புக்கூடுகளோடு வாள் சண்டை போட்டது உங்களில் பலருக்குத் தெரியாது. 2002, 2003 வாக்கில் யாரோ கொடுத்த சிடியில் இருந்த மாயாஜால கேம் அது.

அதில் பட்டனை அமுக்கியதும் அடி விழுந்துவிடாது. ஒவ்வொரு வீச்சுக்கும் கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ளே இருபது முகப் பகடை ஒன்றை உருட்டும். விழுந்த எண்ணோடு வீரனின் பலத்துக்கு, பயிற்சிக்கு, நல்ல வாளுக்கு என்று கூட்டும்; இடைஞ்சல் ஏதாவது இருந்தால் கழிக்கும். கடைசியில் வரும் தொகை எதிரியின் கவச எண்ணைத் தொட்டால்தான் அடி.

இதெல்லாம் ஆரம்பத்தில் எங்களுக்கு எங்கே தெரியும்? நாங்கள் நெசவுக்கார ஊர். தறியில் இரண்டு கையும் ஓடினால்தான் சேலை. எங்கள் வீரனுக்கும் இரண்டு கையிலும் வாளைக் கொடுத்தோம். பாவி, ஒரு எலும்புக்கூட்டைக்கூட அடிக்கமாட்டேன் என்கிறான்! நான் மானிட்டரைத் தட்டித் தட்டித் திட்டினேன்.

"இன்னா சம்பத்து, சும்மா கத்திகினே கீற? கீழ பொடி எழுத்துல ஏதோ ஓடுது பாரு" என்றான் டேனியல். பார்த்தோம். பகடையில் பதிமூன்று. பலத்துக்கு மூன்று, பயிற்சிக்கு இரண்டு, ஆகமொத்தம் பதினெட்டு. எலும்புக்கூட்டின் கவசமோ வெறும் பதினைந்து. ஆனால் இரண்டு கையிலும் வாள் பிடித்த குற்றத்துக்கு ஆறைக் கழித்து, பன்னிரண்டு என்று போட்டிருந்தது. "அட! ரெண்டு கைலயும் வேலை செஞ்சா நம்மூர்ல கெட்டிக்காரன். இவன் இன்னாடான்னா அபராதம் போடறான்!" சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறிவிட்டது. இடது கை வாளைப் பிடுங்கினோம். கொஞ்ச நேரத்தில் எலும்புக்கூடு சரிந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு எல்லாமே கூட்டல் கழித்தல்தான். "பகடை நம்ம கைல இல்லபா. கூட்டறதும் கழிக்கறதும் நம்ம கைல கீது" என்பான். ஒருநாள் தேவிகாபுரத்து வியாபாரி ஒருவர் வந்து, மயிலின் கழுத்து கோணல் என்று குதித்தார். நான் சண்டைக்கு எழுந்தேன். டேனியல் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நீ போய் டீ சொல்லிட்டு வா. நீ இங்க நின்னா மைனஸ் நாலு" என்றான். டீயோடு திரும்பினால், வியாபாரி அவனைத் தன் மகள் கல்யாணத்துக்கு அழைத்துக்கொண்டிருக்கிறார்! எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

ஆபரேஷனுக்கு முன்பு கட்டிலில் படுத்துக்கொண்டும் அதே பேச்சுதான். "சுகர் இல்ல, ப்ளஸ். சிகரெட் இல்ல, ப்ளஸ். கிரேஸ் ஜெபம் பண்ணிகினு கீறா. அது எவ்ளோன்னு தெரியல, கூட்டி வெச்சிக்கோ" என்றான். நானும் நம்பினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் வீட்டில் இருந்தேன். துக்கம் விசாரிக்க வந்த ஆளுக்கு ஆள் ஒரே பாட்டு: "சனிக்கிழமையே ஜல்தியா கூட்டிகினு போயிருந்தா பொழைச்சிருப்பான்." சனிக்கிழமை நெஞ்சு எரிகிறது என்றானாம். வாயுவாக இருக்கும் என்று கிரேஸ் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறாள். வேலூருக்குப் போனது திங்கட்கிழமை. அவர்கள் சொல்லச் சொல்ல அவள் தலை குனிந்துகொண்டே போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லோரும் போன பிறகு அவள் கேட்டாள். "அண்ணா, அந்த கேம்ல கழிப்பீங்களே. நான் கஷாயம் குடுத்ததுக்கு எவ்ளோ கழிக்கணும்?"

"அதுல இன்னொரு விதி கீதும்மா" என்றேன். "பகடைல ஒண்ணு வுழுந்துடுச்சுன்னா அப்புறம் கணக்கே கெடையாது. எவ்ளோ பலம் இருந்தாலும், எந்த வாள் இருந்தாலும் அந்த வீச்சு வீண்தான். கூட்டவும் வேணாம், கழிக்கவும் வேணாம். இவனுக்கு ஒண்ணு வுழுந்துடுச்சும்மா."

டாக்டர் இதை ஒப்புக்கொள்வாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. அவள் டாக்டரிடம் கேட்கவில்லை.

"அந்த கேமை எழுதினவன் வூட்லயும் யாரோ செத்திருப்பாங்கண்ணா" என்றாள் கிரேஸ். அடக்கத்தன்றுகூட அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

டேனியலோடு விளையாடியதில் எனக்கு மிஞ்சியது அந்த ஒரு விதிதான். அதை வைத்துக்கொண்டு உங்களை ஒன்று கேட்கிறேன். அவனைத் தெரிந்தவர்கள் நீங்கள், அந்த வீட்டுக்குப் போவீர்கள். 'முன்னாடியே கூட்டிகினு போயிருக்கலாமே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். அவனுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்த கை அது.