ஹம்மில் நான் வாசிக்காமல் விட்ட வரிகள்

நளாயினி இறந்த செய்தி எனக்கு மூன்று கை மாறித்தான் வந்தது. அவருடைய கணவர் சிவநேசன் எங்கள் தலைமை ஆசிரியருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் சொல்ல, அந்தப் பெண் காப்பிக் கோப்பையோடு என் மேசைக்கு வந்து சொன்னார். பதினோரு வருடம் நளாயினிக்கு எதிர் மேசையில் உட்கார்ந்தவள் நான். புற்றுநோய் திரும்பி வந்ததைக்கூட என்னிடம் சொல்லவில்லையே என்ற கோபம்தான் முதலில் வந்தது. அழுகை வீட்டுக்குப் போன பிறகுதான். அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், இந்த அஞ்சலியில் பொறாமை நிறையவே இருக்கும். அதை மறைத்து எழுதினால் நளாயினியே சிரிப்பார்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் ஐந்து பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகம் எங்களுடையது. சீனப் பத்திரிகைகளிலும் இணையத்திலும் வருவதை வாசித்து, வாரம் ஒரு முறை ஜெர்மன் மொழியில் ஒரு செய்தி மடல் வெளியிடுகிறோம். நான் திருச்சிக்காரி. சீன மொழியில் இரண்டு பட்டம், பெய்ஜிங்கில் ஒரு வருடப் படிப்பு. நளாயினி என்னைவிட எட்டு வயது இளையவர். ஆறு வயதில் இலங்கையிலிருந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கியவர், ஹம் நகரில் வளர்ந்தவர். தாதியர் பயிற்சிக் காலத்தில் மாலை வேலைக்குப் போன சீன உணவகத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டே பேசக் கற்றார். பல்கலைக்கழகமெல்லாம் அதற்குப் பிறகு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு சீனக் கேலிப்பாட்டைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அதில் எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்குப் புரிய அகராதி தேவைப்பட்டது. என் பொறாமை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

எங்கள் வேலை கண்ணெதிரே மாறியது. முன்பு நீண்ட புலனாய்வுக் கட்டுரைகள் வரும், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வாசிப்போம். பிறகு அச்சுப் பதிப்புகள் மெலிந்தன, சில நின்றே போயின. விளம்பரங்கள் கைப்பேசிக்குப் போய்விட்டதால், பத்திரிகைகள் அரசு அலுவலகங்களின் இணையப் பக்கங்களை நடத்திக் கொடுத்துப் பிழைத்தன. யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவரிடமே கூலிக்கு வேலை செய்யும் நிலை. நிருபர்கள் முப்பது விநாடிக் காணொளி எடுக்கப் பழகினார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து அவர்களுக்கு மதிப்பெண். இதையெல்லாம் மீறி நல்ல கட்டுரை ஒன்று வந்தால், காலையில் இருக்கும், மதியம் தணிக்கையில் காணாமல் போயிருக்கும். நான் ரசித்து வாசித்து முடிப்பதற்குள் பலமுறை பக்கம் போய்விடும். "பிறகு வாசிக்கலாம் அக்கா, முதல் பிடிச்சு வையுங்கோ" என்பார் நளாயினி. அவர் எல்லாவற்றையும் முதலில் சேமித்துவிட்டுத்தான் முதல் வரியையே வாசிப்பார்.

சீனாவின் மாகாணப் பத்திரிகை ஒன்றில் இருந்த பெண் நிருபர் அவருக்குப் பழக்கம். லின் என்று இங்கே எழுதுகிறேன், அது அவருடைய பெயர் அல்ல. டுசல்டோர்ஃப் கண்காட்சி ஒன்றுக்கு வந்தபோது எங்கள் இருவரையுமே சந்தித்தார். நான் ஊடகக் கொள்கை பற்றிக் கேட்டேன். நளாயினி, "சாப்பிட்டீங்களா, கால் நோகுதா" என்று கேட்டார். லின் அதன் பிறகு எழுதியதெல்லாம் நளாயினிக்குத்தான்.

"நானும்தானே கார்டு குடுத்தேன்? எனக்கு ஒரு மெயில்கூட வரலையே" என்று ஒருநாள் மனம் தாங்காமல் கேட்டேன்.

"அவ தன்ரை மகளின்ரை பள்ளிக்கூடக் கதையைத்தான் கூட எழுதுறா அக்கா. உங்களுக்கு அது அலுப்படிக்கும்."

உண்மைதான், எனக்கு அலுத்திருக்கும். அதனாலேயே இன்னும் எரிந்தது.

லின் ஏதாவது அலுவலக உள் அறிவிப்பைப் படம் பிடித்து அனுப்பினால், நளாயினி அதை அப்படியே வெளியிட மாட்டார். ஒவ்வொரு எழுத்தாகத் தானே தட்டச்சு செய்வார். பிறகு படத்தை அழித்துவிடுவார். "படம் ஆளைக் காட்டிக் குடுத்திடும்" என்பார். தன் சொத்தைப் பொத்தி வைக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

மூன்று வருடத்துக்கு முன், மருத்துவமனையில் மருத்துவரைப் பார்க்க டெர்மின் இருக்கிறது என்று ஒரு காலை அவர் வரவில்லை. எங்கள் பொதுக் கோப்பில், லின் அனுப்பி நளாயினி சேமித்திருந்த புதிய படம் இருந்தது. புலனாய்வுப் பிரிவு கலைக்கப்படுகிறது, அதிலிருந்தவர்கள் நேரலையில் பொருள் விற்கும் பிரிவுக்குப் போக வேண்டும், வெளியே பேசக்கூடாது என்று அறிவிப்பு. மடல் மதியம் போக வேண்டும். நான் அந்தப் படத்தையே போட்டேன். எங்கள் மடலில் எழுதியவர் பெயர் போடும் வழக்கமில்லை, ஆனால் ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். அந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறுக்க மாட்டேன்.

படத்தின் பின்புலத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில் சாய்வாக ஏதோ இருந்தது. காகிதக் கறை என்று நினைத்தேன். அது லின்னின் பெயரும் அவருடைய கைப்பேசியின் கடைசி நான்கு எண்களும். அங்கே அலுவலகச் செயலிகள், திரையில் யார் பார்க்கிறாரோ அவர் பெயரை அப்படி அச்சிட்டுவிடும். இரண்டு பட்டம் வாங்கியவளுக்கு எழுத்தை வாசிக்கத் தெரிந்தது, அதன் பின்னால் பார்க்கத் தெரியவில்லை. அடுத்த வாரமே லின்னுக்கு வேலை போனது.

நளாயினி கத்தவில்லை. "நான் லின்னோடை கதைக்கிறன். நீங்கள் ஒண்டும் எழுதாதேங்கோ, இப்ப எழுதினா இன்னும் கரைச்சல்" என்று மட்டும் சொன்னார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது. லின் இப்போது சொந்த ஊரில் நேரலையில் தேயிலை விற்கிறார் என்று பின்னொரு நாள் சொன்னார்.

ஹம்மில் இறுதி நிகழ்வுக்கு மண்டபம் நிறைய ஆட்கள். தொழிற்சாலை வேலைக்காரர்கள், முதியோர் இல்லத்துத் தாதிகள், அந்தப் பழைய உணவகத்துச் சீனக் குடும்பம்கூட வந்திருந்தது. எனக்கு இத்தனை பேர் வருவார்களா என்று அங்கேயும் எண்ணிப் பார்த்தேன். சிவநேசன் ஒரு தாளை நீட்டினார்.

"லின் எண்டு ஒரு பிள்ளை அனுப்பினது அக்கா. எனக்கு வாசிக்க ஏலாது. நீங்கள் தமிழிலை சொல்லிவிடுங்கோ."

வாசித்துக்கொண்டே மொழிபெயர்த்தேன். நடுவில் சில வரிகள் வந்தன. அவற்றைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். யாருக்கும் தெரியவில்லை. "நல்லாச் சொன்னீங்கள்" என்று சிவநேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். காலையில் இருந்த பக்கத்தை மதியம் எடுத்துவிடுகிறவர்களைப் பற்றி வாரந்தோறும் எழுதுகிறவள், அன்று அதே வேலையைச் செய்தேன்.

விட்ட வரிகள் இவை: "அந்தப் படத்தைப் போட்டது உன் கை என்று ஒவ்வொரு புத்தாண்டுக்கும் மன்னிப்புக் கேட்டாய். எனக்குக் கோபமே வரவில்லை என்றால் அது பொய். ஒரு வருடம் உன்னை வெறுத்தேன். பிறகு, உன்னைப் போல் கவனமானவளுக்கே இது நடக்கும் என்றால் யாருக்கும் நடக்கும் என்று மனதை ஆற்றிக்கொண்டேன்."

நேற்று சிவநேசனிடம் இந்த வரிகளைத் தொலைபேசியில் வாசித்தேன், அந்தக் கை யாருடையது என்பதையும் சொன்னேன். "அவ ஒரு சொல்லும் சொல்லேல்லை" என்றார். லின்னுக்கும் எழுதிவிட்டேன்.

நளாயினியின் மொழி, சிரிப்பு, அந்த மண்டபத்துக் கூட்டம் எல்லாம் அவருடையவை, எனக்குக் கிடைக்காது. ஒரு வருட வெறுப்பையும் எனக்குப் பதிலாக அவரே வாங்கிக்கொண்டார். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது படத்தைப் போட்ட அந்தத் தவறு ஒன்றுதான். அதையும் அவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன், அது என்னுடையது.