ஞாயிற்றுக்கிழமை எடுத்த அளவு

1. லீக் ஆபீஸ் கடிதம்

தாராவியில் எங்கள் பொருநை ஃபுட்பால் கிளப் மேல் டிவிஷனுக்கு ஏறிய அன்று தெருவே கூத்தாடியது. மறுவாரம் லீக் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்துக் காட்டியதும் கூத்தாடியவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான்தான் பொருளாளர்.

இப்போது கிளப்பை நடத்தும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். அவர்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள். அதனால் நீட்டி முழக்கப் போவதில்லை. நீட்டினால் இந்தியில் சொல்லுங்கள் என்பார்கள். என் இந்திக்கு இந்தத் தமிழே தேவலை.

அறுபதுகளின் தொடக்கம் அது. அபுபக்கர் முதலாளியின் செருப்பு, ஷூ பட்டறையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகாதவன். பேனா நிப்பைக்கூட இரண்டு பக்கமும் தேயவிட்டுத்தான் மாற்றுவேன். கஞ்சன் என்று சொன்னால் எனக்குக் கோபம் வராது. அந்தக் குணத்துக்காகத்தான் கிளப் பணத்தை என்னிடம் கொடுத்தார்கள்.

ஆடுகிறவர்கள் பெரும்பாலும் டேனரி ஆட்கள். தோலை ஊறவைத்து மயிர் நீக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளில் நாள் முழுக்க நிற்கிறவர்கள். கீழ் டிவிஷனில் ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து மைதானத்தில் நடக்கும். கணுக்காலில் துணிப் பட்டியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலில் ஆடுவார்கள். யாரும் கேட்டதில்லை. பந்துக்கு பிளாடர், பட்டித் துணி, இடைவேளைக்கு எலுமிச்சம்பழம், இவ்வளவுதான் கிளப்பின் செலவு. மாதம் ஆளுக்கு நாலணா சந்தாவில் எல்லாம் அடங்கிவிடும்.

மேல் டிவிஷனில் அப்படி இல்லை. சேர்க்கைக் கட்டணம், டெபாசிட், இரண்டு செட் ஜெர்சி என்று கடிதம் நீண்டது. ஆட்டங்கள் வாரநாளில், கோட்டைப் பக்கத்து மைதானத்தில். கடைசி வரியில் பூட்ஸ் கட்டாயம் என்றிருந்தது. பதினாலு பேருக்குப் பூட்ஸ் என்றால் அது எங்கள் பத்து வருஷச் சந்தா.

2. மகமைப் பணம்

அபுபக்கர் முதலாளிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஃபுட்பால் பைத்தியம். பந்து கோலுக்குள் போனால் பக்கத்தில் நிற்பவர் முதுகில் ஒரு அறை விழும். அந்த அறைக்குப் பயந்தே நான் இரண்டடி தள்ளி நிற்பேன்.

தோல் வியாபாரிகளுக்குள் அப்போது மகமை என்றொரு வழக்கம் இருந்தது. விற்கும் ஒவ்வொரு கட்டுத் தோலுக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுக்காரியத்துக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். பள்ளிவாசலுக்கும் போகும், கோவில் கொடைக்கும் போகும், ஊர் திரும்ப முடியாமல் செத்தவனின் அடக்கத்துக்கும் போகும். முதலாளி கடை கடையாக ஏறி இறங்கி, அந்த வருஷ மகமையில் ஒரு பங்கைக் கிளப்புக்கு வாங்கிக்கொடுத்தார். பணத்தை என் கையில் வைத்துவிட்டு ஒன்று சொன்னார்.

"தம்பி, இது அடக்கத்துக்குப் போற துட்டு. பந்துக்கு வாங்கியாந்திருக்கேன். பாதியில விட்டுட்டு ஓடியாந்தீங்கன்னா, அடுத்த வருசம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்தக் கட ஏறுவேன்?"

அன்றிரவு எஸ்டிமேட் போட்டேன். கட்டணம், டெபாசிட், ஜெர்சி, ரயில் சார்ஜ், எலுமிச்சம்பழம் வரை எழுதினேன். கடையில் பூட்ஸ் வாங்கினால் கட்டாது. எங்கள் பட்டறையிலேயே தைத்தால் பாதி விலைதான். முதலாளி தோலை அசல் விலைக்குத் தருவதாகச் சொன்னார். எஸ்டிமேட்டுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தபோது எனக்கே என்மேல் மதிப்பு வந்தது.

3. அளவு

பட்டறை மேஸ்திரி தாவீது. ஷூ தைப்பதில் அவரைப்போல் கை அந்தப் பக்கத்தில் கிடையாது. வாரநாளில் சாயங்காலம் அளவெடுக்க அவரை நிறுத்தினால் ஓவர்டைம் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்றால் பட்டறை மாடியிலேயே குடியிருக்கும் மனுஷன், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும், இறங்கி வருவார். ஆட்களுக்கும் சுட்டி, லீவு நாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை என்று நான் முடிவு செய்தேன்.

எல்லாரும் குளித்து, தலைவாரி வந்தார்கள். மேஸ்திரி ஒவ்வொருவர் காலையும் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் வரைந்தார். பாதி வேலையில் நிமிர்ந்து, "சாயங்காலம் ஒருக்க அளந்து பாத்துருவமா கணக்கரே? நின்னு வேல செய்யுத காலு," என்றார். ஓவர்டைம் யார் தருவது என்று நான் கேட்டேன். அவர் அடுத்தவன் காலை வரையக் குனிந்துவிட்டார்.

மூன்று வாரத்தில் பூட்ஸ் வந்தது. அடியில் தோல் வட்டுகளை அடுக்கி ஆணி அறைந்து ஸ்டட் வைத்திருந்தார். மறு ஞாயிறு காலை எல்லாரும் போட்டுக்கொண்டு பிராக்டீஸ் செய்தார்கள். கச்சிதம். பட்டணத்து டீம் மாதிரி இருக்கிறார்கள் என்று முதலாளி என் முதுகில் ஓங்கி அறைந்தார். அன்று அது வலிக்கவில்லை.

4. முதல் இரண்டு ஆட்டம்

முதல் ஆட்டம் ஒரு புதன்கிழமை. எங்கள் ஆட்கள் அரை நாள் பகாரை, அதாவது கூலியை, விட்டுவிட்டுத் தொட்டியிலிருந்து ஏறி, சயான் ஸ்டேஷனுக்கு ஓடி, மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பூட்ஸ் போட ஆரம்பித்தவர்கள் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் நின்று மிதித்தான், ஒருவன் நாடாவை முழுக்க உருவிவிட்டான். ரெஃப்ரி இரண்டு தடவை விசில் ஊதிவிட்டார்.

ஐந்து கோல் வாங்கினோம். வெறுங்காலில் மான்போல ஓடுகிறவர்கள் முள்ளில் நடப்பதுபோல் நடந்தார்கள். புதுப் பூட்ஸ், பழக வேண்டும் என்று நான் எல்லாருக்கும் சமாதானம் சொன்னேன். அடுத்த வாரம் ஆறு கோல்.

எங்கள் சென்டர் ஹாஃப் இசக்கிமுத்து. கிளப்பின் முதுகெலும்பே அவன்தான். எனக்கு ஒரு வயது மூத்தவன், நல்ல சிநேகிதன். இரண்டாவது ஆட்டத்தில் அவன் குதிகால் இரண்டும் கொப்பளித்துத் தோல் உரிந்துவிட்டது. மறுநாள் காலை அந்தக் காலோடு சுண்ணாம்புத் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். சாயங்காலத்துக்குள் புண் பழுத்து, நிற்க முடியாமல் படுத்துவிட்டான். தொட்டியில் இறங்காத நாளுக்கு டேனரியில் பகார் கிடையாது.

பூட்ஸுக்குப் போட்ட பணம் முழுக்கப் போய்விட்டது. மூன்றாவது ஆட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்றால் டெபாசிட்டும் போகும், கிளப்பின் பேரையும் அடித்துவிடுவார்கள். முதலாளி மறுபடி அந்தக் கடைகளுக்கு முன்னால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

5. இசக்கியின் அறை

கொஞ்சம் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு இசக்கியைப் பார்க்கப் போனேன். தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். அந்தக் குதிகால்களைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. பூட்ஸ் கடிக்கிறது என்று முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா என்னவே செய்வீரு? துட்டு பூராம் அதுலதான போட்டிருக்கீரு," என்றான். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. எனக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த நேரத்தில் டேனரி விட்டு நாலைந்து பேர் அவனைப் பார்க்க வந்தார்கள். எல்லார் கையிலும் அவரவர் செருப்பு. இதை நான் தினமும் பார்ப்பதுதான். பட்டறையில் என் மேஜை ஜன்னலோரம். காலையில் செருப்பு மாட்டிக்கொண்டு போகிறவர்கள் சாயங்காலம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். தேய்ந்துவிடும் என்று கையில் எடுத்து வருகிறார்கள் போலிருக்கிறது, என்ன சிக்கனம் என்று நான் மனசுக்குள் பாராட்டிக்கொள்வேன். பேச்சை மாற்றலாம் என்று அன்று இசக்கியிடமும் அதைச் சொன்னேன்.

இசக்கி என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சிரித்தான். புண்ணின் வலியோடு சிரித்தான்.

"தேயும்னு எடுக்கலவே. நொழையல. காலம்பற போட்டுக்கிட்டுப் போவோம். நாள் பூராம் நின்னா காலு வீங்கிப் போவும். ராத்திரி தூக்கி வச்சுப் படுத்தாத்தான் வத்தும். இது தெரியாமலா சன்னல்ல ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்தீரு?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டுப் பார்த்தோம். ஆடியது புதன்கிழமை சாயங்காலம். ஆரஞ்சுப் பையைக்கூட வைக்க மறந்து கையோடு எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன்.

6. தொட்டிக்கரை

முதலில் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மேஸ்திரி சொன்னதையும் நான் தட்டிவிட்டதையும் மறைக்கவில்லை. அவர் என் எஸ்டிமேட்டை வாங்கி மேலிருந்து கீழே வரை படித்தார். கடைசியில், "எஸ்டிமேட்டுல அர நாள் பகாரு எங்க எழுதியிருக்க?" என்று கேட்டார். எழுதவில்லை. ஆட்ட நாளில் ஒவ்வொருவனும் அரை நாள் கூலியை இழக்கிறான் என்பதே என் கணக்கில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அந்த நஷ்டம் கிடையாது. நான் போட்ட எஸ்டிமேட் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை மனிதர்களுக்கானது.

நல்லவேளையாக மழை எங்களைக் காப்பாற்றியது. மைதானத்தில் தண்ணீர் தேங்கி லீக் ஆட்டங்களைத் தள்ளிவைத்தார்கள். அந்த அவகாசத்தில் பூட்ஸ்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போனேன். அங்கே ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர் பெரிய வகுப்புப் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எதற்காக விற்கிறேன் என்பதை ஒளிக்காமல் சொன்னேன்.

"எங்க பசங்களுக்குக் கால் வீங்கறதுக்கு சான்ஸே இல்லை சார். பஸ்லேர்ந்து எறங்கி நாலு எட்டு வெச்சா டாக்ஸி கேக்கறதுகள்," என்றார் மாஸ்டர். பதினொரு ஜோடி விற்றது. மீதி மூன்று ஜோடி யார் காலுக்கும் சேராமல் பல வருஷம் பட்டறைப் பரணில் கிடந்தது.

கிடைத்த பணத்தில் தோல் வாங்கினோம். இந்தத் தடவை மேஸ்திரியும் நானும் சாயங்காலம் நாலு மணிக்கு டேனரிக்குப் போனோம். ஒவ்வொருவனாகத் தொட்டியிலிருந்து ஏறி, சாக்கில் காலைத் துடைத்துவிட்டு நின்றான். ஈரத்தில் காகிதம் கிழிந்தது. அதனால் துண்டுத் தோலில் சாக்பீஸால் வரைந்தோம். பழைய காகித அளவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு காலும் சுற்றிலும் அரை விரல் பெரிது. நாற்றத்தில் எனக்குக் குமட்டியது. அத்தனை வருஷம் எதிரே ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் அன்றுதான் முதல்முறையாக உள்ளே வந்திருந்தேன்.

மேஸ்திரி தையல் கூலி வாங்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு வாரம் என்னை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். அரை நாள் பகாருக்காக இரண்டாவது செட் ஜெர்சியின் செலவை வெட்டினேன். இரண்டாவது செட்டாக அவரவர் பழைய பனியனையே தோல் சாயத்தில் முக்கி எடுத்தோம். மழையில் ஆடிவிட்டு வந்தால் எல்லார் முதுகும் சிவப்பாக இருக்கும்.

7. மூன்றாவது ஆட்டம்

ஆட்டத்தன்று இசக்கியின் புண் ஆறியிருந்தது. புதுப் பூட்ஸை எடுத்தான். ஒரே இழுப்பில் கால் உள்ளே போனது. எழுந்து நின்று இரண்டு தடவை குதித்தான். என் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டு மைதானத்துக்குள் ஓடினான்.

அன்று நாங்கள் ஜெயிக்கவில்லை. இரண்டு பக்கமும் கோல் இல்லை. அதற்கே முதலாளி மூன்று பேர் முதுகில் அறைந்தார். சீசன் முடிவில் கடைசிக்கு முந்தின இடத்தில் நின்றோம், ஆனால் கீழே இறங்கவில்லை. அடுத்த வருஷம் மகமை கேட்டு முதலாளி கடை ஏறியபோது நானும் கூடப் போனேன். முழு எஸ்டிமேட்டும் என் கையில் இருந்தது.

பிறகு நான் வேறு கம்பெனிகளுக்குப் போனேன். விக்ரோலியில் பெரிய ஆபீசில் அக்கவுன்டன்ட்டாக ரிடையர் ஆனேன். புது பிராஞ்ச், புது மெஷின் என்று யார் பட்ஜெட் கொண்டுவந்தாலும், இந்த அளவை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று கேட்பேன். கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று சிரிப்பார்கள். பிள்ளைகளே, நீங்களும் மேல் டிவிஷனுக்கு ஏறினால் சந்தோஷத்தில் இருக்கும்போது எஸ்டிமேட் போடாதீர்கள். வேலை முடிந்து ஆள் அலுத்து வரும் நேரத்தில் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. அந்தத் துண்டுத் தோல் அளவுகளை மேஸ்திரி தூக்கிப் போடவில்லை. சீசன் முடிந்ததும் அவற்றைக் கொண்டு பதினாலு ஜோடி செருப்பு வெட்டினார். முதலாளி வாரத் தவணைக்குக் கொடுத்தார். முதல் நாள் சாயங்காலம் நான் வேலையை நிறுத்திவிட்டு ஜன்னலில் நின்றேன். டேனரி விட்டது. நம் ஆட்கள் கையை வீசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே வந்ததும் இசக்கி நின்று, என்னை நிமிர்ந்து பார்த்து, செருப்பு மாட்டிய காலை ஒரு முறை தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.